சாதனையைச் சரியாக எழுதிவிட்டு அப்புறம் சால்வை போர்த்துங்கள்

நம் மாவட்ட விளையாட்டு வீரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழா வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று, ஷேர் செய்தாயிற்று. என்ன நடந்தது என்று திரும்ப எழுதப் போவதில்லை. விழா நடத்தியவர்களே, அங்கே நீங்கள் தப்பாக எழுதியதையும் சொல்லாமல் விட்டதையும் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன். முதலில் அந்த ஷீல்டு. மேடையேறி வாங்கியவர் சீனியர் ஹர்டில்ஸ், அதாவது தடை ஓட்டம், ஓடியவர். ஷீல்டில் பொறித்திருப்பது "ஆண்கள் 100 மீட்டர் தடை ஓட்டம்".

சீனியர் ஆண்களுக்கு அப்படி ஒரு போட்டியே கிடையாது. 110 மீட்டர்.

"பத்து மீட்டர்தானே பாஸ், இதுக்கெல்லாம் ஒரு பதிவா" என்று நேற்றே ஒருத்தர் கேட்டுவிட்டார். பத்து மீட்டர் மட்டும் என்றால் நானும் விட்டிருப்பேன். 110-ல் முதல் தடை 13.72 மீட்டரில் வரும், தடைக்குத் தடை 9.14, கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோடு 14.02. தடையின் உயரம் 1.067 மீட்டர். பெண்களின் 100 மீட்டரில் முறையே 13, 8.50, 10.50. உயரம் 0.838. இரண்டிலும் பத்துத் தடைகள் என்பதைத் தவிர வேறெதுவும் ஒன்றில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்கள் தாண்டுவது 0.914, ஜூனியரில் 0.991, சீனியர் வந்ததும் 1.067. அந்தக் கடைசி ஏழரை சென்டிமீட்டரில்தான் நிறைய பேர் ஹர்டில்ஸையே விட்டுவிட்டு 400 மீட்டர் ஓட்டத்துக்கு ஓடிப்போகிறார்கள். பழைய பழக்கத்தில் தடைக்கு ரொம்பக் கிட்டே போய் எம்புவார்கள். உடம்பு முன்னால் போகாமல் மேலே போகும், பின்கால் முட்டி தடையில் இடிக்கும், இறங்கும்போது வேகம் செத்துப்போகும், அடுத்த தடைக்கு மூன்று எட்டு போதாமல் நாலாவது எட்டு வைப்பார்கள். அதோடு ரேஸ் முடிந்தது. சுமார் இரண்டு மீட்டர் முன்னாலேயே கிளம்பப் பழக்க, இடைவெளியைச் சுருக்கி, தாழ்ந்த தடையில் ஆரம்பித்து, உயரத்தை மாற்றுகிற துளைகளில் ஒவ்வொரு துளையாக ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதையெல்லாம் கடந்து வந்த மனுஷனுக்குத்தான் "100 மீட்டர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

சாதனை என்ன என்று தெரியாமல் போர்த்துகிற சால்வை யாருக்கு?

அடுத்தது அந்த விழாத் தொகுப்பாளர். 100 மீட்டர் ஓட்டத்தில் அந்தக் காலத்து நேரத்தையும் இந்தக் காலத்துப் பையனின் நேரத்தையும் ஒப்பிட்டார். "அன்னைக்கு மண் டிராக்குல 10.8! இன்னைக்கு சிந்தெடிக்ல ஓடியும் 10.95! தம்பிகளா, பார்த்துக்கோங்க!" கைதட்டல் வேறு. அந்த 10.95 ஓடிய பையன் அப்போது மேடையில்தான் நின்றுகொண்டிருந்தான், தலையைக் குனிந்துகொண்டு. 10.8 ஸ்டாப்வாட்சில் கையால் எடுத்த நேரம், 10.95 மின்னணு நேரம். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் 100 மீட்டர் தாண்டி ஒலி வந்து சேரவே கிட்டத்தட்ட 0.29 விநாடி ஆகிவிடும். புகையைப் பார்த்தே அழுத்தினாலும் கண் பார்த்து விரல் அசையக் கொஞ்சம் பிந்தும். முடிவுக்கோட்டில் ஆள் வருவது முன்கூட்டியே தெரிவதால் அங்கே பிந்தாது. அதனால்தான் ஒப்பிடும்போது 100, 200 மீட்டரில் கை நேரத்தோடு 0.24 விநாடியைக் கூட்டிக்கொள்வது வழக்கம். 10.8 கூட்டல் 0.24, 11.04. பையன் ஓடியதைவிட மெதுவு. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கை தட்டியிருக்கலாம். மண் டிராக்கில் ஓடியது பெரிய விஷயம்தான், மறுக்கவே மாட்டேன். அதை அப்படியே பெரிய விஷயம் என்று சொல்லியிருக்கலாமே, பக்கத்தில் நின்ற பையனைக் குத்தித்தான் சொல்ல வேண்டுமா?

நூறில் ஒரு பங்கு விநாடியில் என்ன இருக்கிறது என்பவர்கள் 1984 லாஸ் ஏஞ்சல்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42. வெண்கலம் வாங்கிய ருமேனியா வீராங்கனை 55.41. ஸ்டாப்வாட்சில் கையால் எடுத்திருந்தால் இரண்டும் ஒரே நேரமாகவே எழுதப்பட்டிருக்கக்கூடும், ஏனென்றால் கை நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு மேல்பக்கமாகத்தான் முழுமையாக்குவார்கள். அந்த 55.42-ஐ 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் அப்படியே சமன் செய்தபோது நாடே பேசியது. 39 வருஷம் கழித்து! மறுநாள் இறுதியில் 55.68-ல் வெண்கலம். இதில் ஒரே ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதியிருந்தால் அந்தக் கதை உண்டா?

"நல்ல மனசோட செய்றாங்க, அதுல குறை சொல்லாதீங்க" என்பவர்களுக்கு: மனசைப் பற்றி யார் பேசினார்கள்? மண்டபம், மைக், மாலை, மொமெண்டோ எல்லாவற்றுக்கும் கைக்காசு போட்டிருக்கிறார்கள், தெரியும். ரிசல்ட் ஷீட்டை ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்க்கக் காசு வேண்டாம். அந்த வீரருக்கே ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஸ்பான்சர் பெயரில் ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை, கவனித்தீர்களா?

"நேரம் பத்தல" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கும் நேரம் பத்தவில்லை.

ஷாட்புட்டில் இன்னும் மோசம். இரண்டு பேரை அருகருகே நிறுத்தி யார் அதிக தூரம் என்று படித்தார்கள். ஒருவன் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிரிவு, எறிந்தது 5 கிலோ குண்டு. மற்றவர் சீனியர், 7.26 கிலோ. இடையில் ஜூனியருக்கு 6 கிலோ என்று ஒன்று இருக்கிறது. எடையைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் படித்தால் சின்னவன் ஜெயித்த மாதிரிதான் கேட்கும், அப்படித்தான் கேட்டது. நீளம் தாண்டியவருக்குக் காற்றைச் சொல்லவில்லை. பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்தத் தூரம் சாதனைக் கணக்கில் சேராது என்பது பள்ளி மீட்டுக்கு (விளையாட்டுப் போட்டிக்கு) வருகிற பிள்ளைக்கே தெரியும். மாற்றுத்திறனாளி வீரருக்கு, எந்தக் குறைபாட்டுப் பிரிவு என்கிற வகுப்பைச் சொல்லவில்லை. மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தாண்டிய 1.89 மீட்டருக்குப் பக்கத்தில், கால் குறைபாடு உள்ளவர்களுக்கான டி42 வகுப்பு என்று எழுதினால்தான் அந்த உயரம் என்னவென்று புரியும்.

பைக் ரேஸ் தம்பியை "இந்தியாவின் வேக மன்னன்" என்று அழைத்தார்கள். எந்த வகுப்பு? எத்தனை சிசி? ஸ்டாக்கா (கம்பெனி கொடுத்தபடி), மாடிஃபைடா (மாற்றியமைத்தது)? நோவிஸா (புதியவர்கள் பிரிவு), ஓப்பனா (எல்லாருக்குமான பிரிவு)? சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நாலு லேப் பார்த்த எவனும் முதலில் கேட்கிற கேள்வி இது. விவரம் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று பயமோ என்னவோ. நரேன் கார்த்திகேயன் 2005 அமெரிக்க கிராண்ட் பிரி கார் பந்தயத்தில் நாலாவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். அன்றைக்கு மிச்செலின் டயர் அணிகள் விலகியதால் ஓடியது ஆறே கார்கள். இதைச் சொல்வதால் அவர் சின்னவராகிவிட்டாரா? ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர், அந்தக் காரில் அங்கே நின்றதே சாதனை.

அந்த பைக் ரேஸ் தம்பியின் ட்யூனரை, பைக்கை ரேஸுக்குத் தயார் செய்கிறவரை, யாராவது கூப்பிட்டீர்களா? காற்றோடு சேரும் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் நேர்ச்சாலையில் முழு த்ராட்டிலில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்து பெட்ரோலைக் கூட்டினால் இழுவை போய்விடும். பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினால் வளைவிலிருந்து சீறிக்கொண்டு வெளியே வரும், ஆனால் நேர்ச்சாலை முடியுமுன்பே ஆர்பிஎம் தீர்ந்துபோகும். எண்ணெய் ட்ரெய்ன் போல்ட்டில் துளை போட்டு லாக் வயர் கட்டியிருக்கிறதா என்று ஆய்வில் பார்ப்பார்கள். அது கழன்று டிராக்கில் எண்ணெய் கொட்டினால் பின்னால் வருகிறவன் கதை முடிந்தது. இந்தக் கணக்கையெல்லாம் தலையில் வைத்திருக்கிற ஆள் கிரீஸ் கையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இனி உண்மையில் வலித்த இடத்துக்கு வருகிறேன். "பயிற்சியாளர்கள் அனைவரும் மேடைக்கு வரவும்" என்று ஒரே மூச்சில் கூப்பிட்டு, ஒரே போட்டோ எடுத்து, இறக்கிவிட்டீர்கள். பெயர்கூடப் படிக்கவில்லை. அந்த ஹர்டில்ஸ் வீரருக்கு முதன்முதலில் தடையைக் காட்டிய மாஸ்டரும் அந்தக் கும்பலில்தான் நின்றார். மீட்டுக்கு முதல் நாள் சுண்ணாம்புப் பொடி வாளியோடு கிரவுண்டில் குனிந்துகொண்டிருப்பாரே, அவர்தான். துணி டேப் இழுத்தால் நீளும் என்று இரும்பு டேப்தான் பிடிப்பார். 400 மீட்டரில் இரண்டாம் லேன்காரர் முன்னால் தள்ளி நிற்க வேண்டிய தூரம் 7.04 மீட்டர், அடுத்தடுத்த லேனுக்கு 7.67 கூடும் என்று பேப்பரைப் பார்க்காமல் சொல்வார். பள்ளிக்கூடங்களில் வெல்டிங் செய்த இரும்புத் தடைகளைப் பார்த்தாலே கத்துவார், இடித்தால் சாயாது, முழங்கால்தான் போகும். நல்ல தடையையும் திருப்பி வைக்கிறவர்கள் உண்டு. அடிக்கால்கள் ஓடிவருகிறவன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மாற்றி வைத்தால் சாயாமல் நின்று காலைத் தடுக்கும். ரேஸுக்கு முன்னால் பத்துத் தடையையும் நடந்துபோய்க் கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

"பெரிய கோச்சுக்கெல்லாம் விருது இருக்கே" என்று ஒரு கமெண்ட். இருக்கிறது. துரோணாச்சார்யா விருது தொடங்கிய 1985-லேயே உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாருக்குக் கொடுத்தார்கள். நம்மூர் செஸ் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷுக்கு 2023-ல் வந்தது. டெல்லியில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் ஐயா. மாவட்ட மண்டபத்தில் நமக்கு என்ன அவசரம்? சிறப்பு விருந்தினர் அரைமணி நேரம் பேசினாரே, அதில் அத்தனை பயிற்சியாளர்களின் பெயரையும் இரண்டு தடவை படித்திருக்கலாம்.

பொறாமையில் எழுதுகிறேன் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு ஷீல்டும் வேண்டாம், சால்வையும் வேண்டாம், மேடையில் நாற்காலியும் வேண்டாம். "அந்த மாஸ்டரே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு ஏன் வலிக்குது" என்பார்கள். அவர் சொல்ல மாட்டார். அந்தத் தலைமுறை எதையும் கேட்டு வாங்காது. அதைத்தானே நாம் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்?

அடுத்த வருஷப் பரிந்துரைக்குப் படிவம் அனுப்பும்போது ஆறு கட்டம் சேருங்கள். போட்டியும் பிரிவும், குண்டு எடை அல்லது தடை உயரம் அல்லது சிசி, கை நேரமா மின்னணுவா, காற்று எவ்வளவு, எந்த மீட் எந்தத் தேதி, முதல் பயிற்சியாளர் அல்லது ட்யூனர் பெயர். ரிசல்ட் ஷீட்டின் நகல் பின்னால் இருக்க வேண்டும். பொறிக்கிறவரிடம் கொடுப்பதற்கு முன்னால் வாசகத்தை வீரருக்கு வாட்ஸப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். ஆறாவது கட்டம் காலியாக வந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.