டன்கிர்க்கில் லைட்டோலர் ஓட்டியது போர்க்கப்பல் இல்லை

டைட்டானிக்கில் தப்பிய அதிகாரி லைட்டோலர் 1940-இல் போர்க்கப்பலோடு போய், பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்தில் ஜெர்மன் படை சுற்றிவளைத்திருந்த பிரிட்டிஷ் வீரர்களை மீட்டார் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. மீட்டது உண்மை, போர்க்கப்பல் என்பது தவறு.

அவர் போர்க்கப்பல் ஓட்டியது முதல் உலகப் போரில். 1918-இல் கேரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் தளபதியாக யூபி-110 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மோதினார், பதக்கமும் கிடைத்தது. போர் முடிந்த கொஞ்ச நாளில் கடற்படையை விட்டுவிட்டார்.

சரி, டன்கிர்க்? வயது 66. அவருடைய சொந்த உல்லாசப் படகு சன்டவுனரைக் கடற்படை கேட்டபோது, வேறு யாரிடமும் தர மாட்டேன், நானே ஓட்டிப் போகிறேன் என்று சொல்லி, மகன் ரோஜரையும் ஒரு சாரணர் பையனையும் கூட்டிக்கொண்டு ஜூன் 1 அன்று கிளம்பி, துப்பாக்கி ஒன்றுகூட இல்லாத அந்தப் படகில் சுமார் 130 பேரை அடைத்து இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் துறைமுகத்தில் கொண்டு சேர்த்தார். இன்னொரு மகன் பிரையன் விமானப்படையில் இருந்து, போர் தொடங்கிய உடனேயே இறந்துபோயிருந்தான். இவ்வளவு இருக்கும்போது இல்லாத போர்க்கப்பலை ஏன் சேர்க்க வேண்டும்?