கண்ணை மூடிக்கிட்டு பதில் சொல்லணுமாம்

ஒன்பது வருஷமா ஜாவாங்கிற கம்ப்யூட்டர் மொழியில புரோகிராம் எழுதித்தான் சோறு தின்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் (ஜனங்க நிஜமா பயன்படுத்துற சாஃப்ட்வேர்) விழுந்தா எழுந்து உட்கார்ந்து லாக்ல என்ன தப்புன்னு பார்த்தவ. போன மாசம் ஒரு இன்டர்வியூல, மூஞ்சியையே காட்டாத ஒரு ஆளு என்னைக் கண்ணை மூடச் சொன்னாரு. வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

முதல்ல எச்.ஆர். போன். மதியம் சாப்பிட உட்கார்ற நேரமாப் பார்த்துத்தான் இவங்களுக்குக் கூப்பிடத் தோணும்.

"மேடம், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?"

"தொண்ணூறு நாள்." வேலையை விடறேன்னு எழுதிக் கொடுத்த அப்புறமும் பழைய கம்பெனில அத்தனை நாள் இருந்தாகணும்.

"அச்சச்சோ. எங்களுக்கு இம்மீடியட் ஜாயினர் வேணும் மேடம். பதினஞ்சு நாள்ல வர முடியாதா?"

"உங்க கம்பெனில நோட்டீஸ் எவ்வளவுங்க?"

"எங்களுதும் தொண்ணூறுதான் மேடம்."

சொல்லிட்டு சிரிக்கக்கூட இல்ல. தன் வீட்டுக் கதவுக்கு மூணு பூட்டு, அடுத்த வீடு மட்டும் எப்பவும் திறந்தே கிடக்கணும். சம்பளக் கதையும் இதே லட்சணம்தான். இப்போ என்ன வாங்குறேன்னு சொல்லணும், மூணு மாச பே-ஸ்லிப் அனுப்பணும், பி.எஃப். கணக்குல எந்தக் கம்பெனில எந்தத் தேதி வரைக்கும் இருந்தேன்ங்கிறது வரை காட்டணும். "உங்க பட்ஜெட் என்ன?"ன்னு நான் கேட்டா மட்டும் அது ரகசியமாம்.

ஆன்லைன் டெஸ்ட், முதல் டெக்னிக்கல் ரவுண்டு ரெண்டும் பரவாயில்ல, விடுங்க. ரெண்டாவது டெக்னிக்கல் ரவுண்டைத்தான் சொல்லணும். சாயங்காலம் ஏழு மணின்னு போட்டாங்க, அப்புறம் எட்டுன்னாங்க, கடைசில ஆரம்பிச்சது ஒன்பதரைக்கு. மடிப்பாக்கத்துல எங்க வீடு ரெண்டே ரூம். அதனால குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு சமையலறையில ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கேள்வி கேட்கிறவரோட கேமரா ஆஃப், என்னுது மட்டும் ஆன். லேப்டாப்பைத் தூக்கி ரூம் முழுக்கச் சுத்திக் காட்டச் சொன்னாரு. காட்டினேன். சிலிண்டர், கிரைண்டர், பாதி நறுக்கின பீன்ஸ், எல்லாத்தையும் பார்த்துக்கிட்டாரு.

"ஹேஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்யும்?" ஜாவாவுல தகவலைப் போட்டு வச்சு சட்டுனு தேடி எடுக்கிற அமைப்பு அது. இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேனோ கணக்கில்ல. ஆரம்பிச்சேன். ரெண்டு நிமிஷம் போயிருக்கும். "நீங்க எதையோ பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க."

மூடினேன். வீட்டு லோன் இருக்கே, மூடித்தானே ஆகணும். ஜாவா 8 வந்ததுக்கு அப்புறம் ஒரு பக்கெட்டுல எட்டைத் தாண்டினா லிங்க்டு லிஸ்ட் மரமா மாறும், டேபிள் 64-க்குக் கீழ இருந்தா மாறாது, டேபிள்தான் பெரிசாகும்னு, கண்ணை மூடிக்கிட்டு சாமிகிட்ட வேண்டுதல் சொல்ற மாதிரி ஒப்பிச்சேன். அந்தப் பக்கம் ஏதோ மொறுமொறுன்னு மெல்ற சத்தம். முறுக்கா இருக்கணும். அந்த நேரம் பார்த்து அம்மா பால் எடுக்க உள்ளே வந்தாங்க. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்துட்டு, "தலைவலியாடி?"ன்னாங்க. உடனே அங்கேருந்து: "பக்கத்துல யாரு?"

நியாயமும் பேசிடறேன். திருட்டுத்தனம் இருக்கு. நானே இன்டர்வியூ எடுக்கிற பேனல்ல உட்கார்ந்திருக்கேன்; ஒரு பையன் வாயை மட்டும் அசைச்சான், குரல் வேற எங்கிருந்தோ வந்தது. இப்போ ஏஐ பதிலைத் திரையில பார்த்து வாசிக்கிறவங்களும் உண்டு. அதுக்கு நேர்ல கூப்பிடுங்க, இல்லன்னா நான் செஞ்ச வேலையைப் பத்தி நாலு கேள்வி குடைஞ்சு கேளுங்க. வாசிக்கிறவன் ரெண்டாவது கேள்விலேயே முழிப்பான். எவனோ திருடினான்னு எல்லார் கண்ணையுமா கட்டுவீங்க?

இந்த ஆட்டம் வெளிநாட்டுலேயும் உண்டு. 2015-ல மேக்ஸ் ஹவல்னு ஒருத்தர், மேக் கம்ப்யூட்டர்ல மத்த மென்பொருளையெல்லாம் நிறுவ உதவுற ஹோம்ப்ரூவை உருவாக்கினவர், பைனரி ட்ரீயை (கிளை கிளையாப் பிரியிற மாதிரி தகவலை அடுக்குற அமைப்பு) போர்டுல கவிழ்த்துப் போடத் தெரியலைன்னு கூகுள் தன்னை வேண்டாம்னுடுச்சுன்னு ட்விட்டர்ல கொதிச்சாரு. விமானத்துக்குள்ள எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும்ங்கிற மாதிரி புதிரெல்லாம் வெட்டி வேலை, கேட்கிறவன் தன்னைப் புத்திசாலின்னு நினைச்சுக்கத்தான் உதவும்னு அதே கூகுள்ல ஆள் எடுக்கிற துறைக்குத் தலைவரா இருந்த லாஸ்லோ பாக் 2013-லேயே பேட்டி கொடுத்துட்டாரு. நம்ம ஊருக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரல போல. போன வருஷம் வேற ஒரு இடத்துல என்கிட்ட சென்னையில எத்தனை டீக்கடைன்னு கேட்டாங்க.

சரி, கடைசி ரவுண்டு. சனிக்கிழமை, நேர்ல, சிறுசேரி. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ஓ.எம்.ஆர். ரோட்டுல ஊர்ந்து போய்ச் சேர்ந்தா, வாசல்ல செக்யூரிட்டி என் போன் கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டினாரு. பத்து மணிக்கு வரச் சொல்லிட்டு ஒன்றரைக்குக் கூப்பிட்டாங்க. நடுவுல ஒரு வாய் காபி கிடையாது. மேனேஜர் என் ரெஸ்யூமை அப்போதான் முதல் தடவையாப் பார்க்கிறாரு. கண்ணு மேலேர்ந்து கீழே ஓடுறது எனக்கே தெரியுது. "குழந்தை இருக்கு, சமாளிச்சுப்பீங்களா?" இதே கேள்வியை வெளியே உட்கார்ந்திருந்த எந்த அப்பாகிட்டயும் கேட்டிருக்க மாட்டாருன்னு சத்தியம் பண்ணுவேன். இருபது நிமிஷத்துல முடிஞ்சது. "எச்.ஆர். ரெண்டு நாள்ல சொல்வாங்க."

அந்த ரெண்டு நாள் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு.

வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வரி. அதுக்கு மேல எதுவும் கேட்கல. நாலு ரவுண்டு, ரெண்டு நாள் லீவு, குழந்தையோட ஸ்கூல் டான்ஸுக்குப் போகாம விட்டது, இத்தனைக்கும் ஒரு வரி. போர்ட்டல்ல என் பேருக்கு எதிர்ல இன்னும் 'பரிசீலனையில்'னுதான் இருக்கு. போன் பண்ணினா எடுக்கல. வாட்ஸப்ல ரெண்டு நீல டிக், அதோட சரி. மெயில் ரெண்டு போட்டேன், பதில் இல்ல. மூணாவது மெயில் நேத்து திரும்பி வந்துடுச்சு, அப்படி ஒரு முகவரியே இல்லையாம். அந்த எச்.ஆர். பொண்ணு வேலையை விட்டுட்டுப் போயிருச்சு போல.

அதுக்கு எத்தனை நாள் நோட்டீஸ்னு மட்டும் யாராவது கேட்டுச் சொல்லுங்க.