இனாமா குடுத்தா வாயை மூடிக்கோணுமாக்கும்?

ஞாயித்துக்கெழமை விருந்துல நடந்ததப் பத்திப் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேனுங்க. ஆளாளுக்குப் போன் போட்டு "என்னங்ணா, மாப்ளகூடச் சண்டையாமா"ன்னா எத்தன பேருக்குத்தான் சொல்றது. சண்டையெல்லாம் இல்லீங்க. பங்காளி வீட்டு மாப்ள, சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்காரரு, "கூகுள் இனாமாத்தான குடுக்கறான், புடிக்கலீனா வேற யூஸ் பண்ணுங்க மாமா, பொறாமையில கேஸ் போடறாங்க"ன்னாரு. கறி பரிமாறுனவரு வரைக்கும் சிரிச்சாங்க. சரி, சிரிங்க.

அவ்வளவு நல்ல சரக்குன்னா, போனைத் தொறந்ததும் நம்ம தேடல்தான் மொதல்ல நிக்கோணும்னு ஆப்பிள், சாம்சங், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்க்காரன் மொஸில்லான்னு 2021ல மட்டும் 2,630 கோடி டாலர் எதுக்குங்க அள்ளிக் குடுத்தான்? 2024 ஆகஸ்ட்ல அமித் மேத்தாங்கற அமெரிக்க ஜட்ஜு இது சட்டவிரோத ஏகபோகம்னு எழுதுனாரு. நம்ம காம்படிஷன் கமிஷன் 2022லயே ஆண்ட்ராய்டு போன் விவகாரத்துல கூகுளுக்கு 1,337 கோடி ரூவா ஃபைன் போட்டுச்சு. இவங்களுக்கும் பொறாமையாட்டிருக்குது!

"பெருசா வளர்றது தப்பா"ம்பீங்க. நான் எங்கீங்க அப்படிச் சொன்னேன்? வளரட்டும். அடுத்தவன் வர்ற வழியில கட்டலப் போட்டுப் படுக்காதேங்கறேன், அவ்வளவுதான்.

எங்கப்பா சோமனூர் பக்கம் 8 தறி கூலிக்கு ஓட்டுனாரு. பாவு நூல் குடுக்கறவரு ஒரே ஆளு. கூலியக் கொறச்சப்ப அப்பா போய் நின்னாரு, "புடிக்கலீனா வேற எடத்துல பாவு வாங்கிக்க"ன்னுட்டாரு. வேற எடம் எங்க இருந்துச்சு? பாதி ஓடுன பாவு தறியிலயே கெடக்குது, மூணு நாளாத் தறிச் சத்தமே இல்ல, அப்பா திண்ணையில ஒக்காந்து வெரல்ல பஞ்சை உருட்டிக்கிட்டே இருந்தாரு. நாலாம் நாள் அந்தக் கொறச்ச கூலிக்கே ஓட்டுனாரு. "வேற யூஸ் பண்ணுங்க"ங்கறது எனக்குப் பழைய பாட்டுங்க மாப்ள.

மார்க்கெட் தானாச் சரியாயிருமாமா. அந்தக் காலத்து பிரவுசர் கம்பெனி நெட்ஸ்கேப்புக்கு ஆச்சா? விண்டோஸோட தன் பிரவுசர் எக்ஸ்ப்ளோரர ஓசியில ஒட்டிக் குடுத்த மைக்ரோசாஃப்ட் மேல 1998ல கேஸ் போட்டாங்க, 2000ல கம்பெனியவே ரெண்டாப் பிரிக்கச் சொன்னாங்க, 2001ல அப்பீல்ல அதும் போச்சு. அதுக்குள்ள நெட்ஸ்கேப்பை ஏஓஎல்ங்கற இன்டர்நெட் கம்பெனி வாங்கிக் கதையே முடிஞ்சிருந்துச்சு. அந்தக் கேஸு மைக்ரோசாஃப்டைச் சித்தெ அடக்கி வெச்சதாலதான் கூகுளே தலையெடுத்துச்சும்பாங்க, அத மாப்ள சொல்ல மாட்டாரு.

"நீங்க டைப் பண்றதே கூகுள் கீபோர்டுலதான"ன்னு இப்ப ஒருத்தர் வருவாரு பாருங்க. ஆமாங்க. போன் வாங்கறப்பவே அதுதான் உள்ள இருந்துச்சு. அதத்தானுங்க விடிய விடியச் சொல்லிட்டிருக்கேன்.

பாதிச் சோத்துல எலைய மடிக்காம எந்திரிச்சு வந்தது தப்புத்தான். பங்காளிகிட்டச் சொல்லிட்டேன். மாப்ளகிட்டச் சொல்ல மாட்டேன்.