‘அவர்’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்

எங்கள் தமிழ் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு நடத்தை விதிகள் எழுதும் வேலை மூன்று வாரமாக நடக்கிறது. 2020இல், ஊரடங்கில் கோயில் மண்டபம் பூட்டிக் கிடந்தபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்காகத் தொடங்கிய குழு அது. இன்று டோங்காட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா வரை ஆட்கள் இருக்கிறார்கள். வசை கூடாது, சாதிப்பேச்சு கூடாது, கட்சிப் பிரசாரம் கூடாது என்பதையெல்லாம் ஒரே மாலையில் ஏற்றுக்கொண்டோம். ஆறாவது விதியில் எல்லாம் நின்றுவிட்டது. “ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ எவ்விதம் சொல்கிறாரோ, அவ்விதமே அவரைக் குறிப்பிட வேண்டும்.” இவ்வளவுதான் அந்த விதி. இதற்கு மட்டும் இருநூறுக்கு மேல் பதில்கள் வந்துவிட்டன.

“இது வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த வழக்கம், நம் பண்பாட்டில் இல்லாதது” என்கிறார் ஒரு பெரியவர். “சகிப்புத்தன்மை பேசுகிறவர்கள் என் கருத்தையும் சகித்துக்கொள்ள வேண்டும் அல்லவா?” என்று கேட்கிறார் இன்னொருவர். இருவரும் நான் மதிப்பவர்கள். இரண்டாமவரும் என் தம்பியும் இருபது வருடமாகச் சேர்ந்து தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். அதனால்தான் குழுவில் இரண்டு வரியில் பதில் சொல்லாமல் இங்கே நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு திருநங்கை படிக்கிறாள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவள் சேர்ந்த நாளிலிருந்து அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் ‘அவர்’ என்றேன். ‘அவர் வந்தார், அவர் எழுதினார்.’ தமிழில் எவ்வளவு வசதி, யார் மனமும் நோகாது என்று எனக்குள் பெருமை வேறு. நான்கு மாதம் கழித்து ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். “டீச்சர், இங்கே இருக்கிற எல்லாப் பெண்களையும் ‘அவள் வந்தாள்’ என்கிறீர்கள். என்னை மட்டும் ‘அவர் வந்தார்’ என்கிறீர்கள். நான் மட்டும் விருந்தாளியா?”

எனக்குப் பதில் வரவில்லை. மரியாதைச் சொல்லைக் கொடுத்தே ஒருவரை வாசலில் நிறுத்த முடியும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரையும் ‘அவர்’ என்று அழைத்திருந்தால் அது மரியாதை. அவளை மட்டும் அழைத்தேனே, அது விலக்கு.

ஆங்கிலத்தில் பேசுகிறவருக்கு இது ஒரு சிறு சொல்லோடு முடிந்துவிடும். நம்முடைய அண்டை வீட்டு ஜூலுக்காரர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ‘உயஹம்பா’ என்றால் அவன் போகிறான், அவள் போகிறாள் இரண்டும்தான். தமிழில் வினைமுற்றின் கடைசி எழுத்து வரை பால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. அதற்கு மேல் அக்கா, அண்ணன், பெரியம்மா, தாத்தா என்று உறவுமுறை வேறு. டர்பனில் தமிழ் மறந்துபோன வீட்டிலும் அக்காவும் தாத்தாவும் மறக்கவில்லை. ஆகவே தமிழில் ஒருவரை எப்படிக் குறிப்பிடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். வாய் திறந்தால் ஒரு பக்கம் சேர்ந்தாகிவிட்டது.

ஆறாவது விதி ஏன் வந்தது என்பதும் குழுவில் பலருக்கு மறந்துவிட்டது. ஒருவர் அவளைப் பற்றி, “அது இன்றைக்கு வகுப்புக்கு வந்ததா?” என்று எழுதினார். அது! நாற்காலிக்கும் நாய்க்கும் சொல்கிற சொல். உயர்திணை, அஃறிணை என்று பிரித்து இலக்கணம் படித்த நாம் அந்தச் சொல்லின் கனத்தை அறியாதவர்களா? பண்பாட்டில் இல்லை என்கிற பெரியவர் தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஆண்மை திரிந்தவர் என்று சொல்லப்படுகிறவர்களுக்கு உயர்திணைக்குரிய முடிவையே கொடுத்திருக்கிறது. சொல்லும் முறை இன்று நம் காதுக்கு உறுத்தலாம். ஆனால் அவர்களை அஃறிணையில் தள்ளவில்லை. தமிழ்நாடு 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. பால் அடையாளங்களுக்குரிய தமிழ்ச் சொற்களின் பட்டியலை 2022இல் அரசிதழில் வெளியிட்டது. எந்த ஊரிலிருந்து பண்பாடு வந்தது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமோ, அந்த ஊரின் நிலை இது.

ஆனால் எனக்கு இலக்கணத்தைவிடப் பெரிய காரணம் என் பாட்டி.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றதிலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். கவுண்டர் கோவெண்டர் ஆனது அப்படித்தான். வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் பெயர்கூடத் தேவைப்படவில்லை. ஆண் என்றால் ‘சாமி’, பெண் என்றால் ‘மேரி’. எழுபது வயதுக் கிழவரும் ‘பாய்’, அதாவது பையன்தான். என் பாட்டி கூடையில் காய்கறி சுமந்து வீடு வீடாக விற்றவர். ஒவ்வொரு வாசலிலும் ‘மேரி’ என்றுதான் கூப்பிட்டார்களாம். “என் பெயர் அதில்லை என்று ஒருநாள் ஒரு அம்மாளிடம் சொன்னேன். ‘எனக்கு மேரிதான் சுலபம்’ என்றாள்” என்று பாட்டி சொல்வார். கூடையின் பாரத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அந்தச் சொல்லை மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளுக்கும் ஒரு கருத்து இருந்திருக்கும். அதை யாரும் பிடுங்கவில்லை. பாட்டி கேட்டது அவள் கருத்தை மாற்றச் சொல்லி அல்ல. தன்னைத் தன் பெயரால் கூப்பிடச் சொல்லி. என் தம்பியின் நண்பருக்கு நான் சொல்லும் பதிலும் இதுவே. ஆணும் பெண்ணும் பிறப்பால் முடிவான விஷயம் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நம்புங்கள், வாதாடுங்கள், தனியாக ஒரு பதிவும் எழுதுங்கள். விதி உங்கள் நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மாணவி வீட்டுப்பாடம் அனுப்பும்போது அதன் அடியில் அவளை ‘அவன்’ என்று எழுதுவது கருத்தாகாது. அது அவள் மேல் செய்யப்படும் காரியம். அதைத் தினந்தோறும் சகிக்க வேண்டியவள் அவள் ஒருத்தி மட்டுமே. சகிப்புத்தன்மை என்று நாம் பேசும்போது யார் எதைச் சகிக்கிறார்கள் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

இந்த நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி, அதற்கு மதிப்பு உறுதி செய்யப்பட வேண்டும் என்கிறது. பொங்கல் விழா மேடையில் ஒவ்வோர் ஆண்டும் அதைச் சொல்லிக் கைதட்டுகிறோம். அடுத்த தாளைத் திருப்பினால் 9ஆம் பிரிவு: இனம், மொழி, மதம் இவற்றோடு பால், பாலினம், பாலீர்ப்பு எதன் பெயராலும் பாகுபாடு கூடாது. கேப் டவுனில் 2019இல் சமத்துவ நீதிமன்றம், சிறையிலிருந்த ஒரு திருநங்கையைப் பெண்ணாக வாழ விடாதது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. சிறைக்கைதிக்குக் கிடைத்தது நம் வகுப்பு மாணவிக்குக் கிடைக்காதா?

எதிர்ப்பவர்களின் ஒரு பயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். விதி தடியாகிவிடக் கூடாது. மென்பொருள்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் 2019இல் இதே விவகாரம் வெடித்தது. ஒரு நெறியாளரை அவசரமாக நீக்கினார்கள். அதைக் கண்டித்துப் பலர் பொறுப்பைத் துறந்தார்கள். நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. நம் குழுவில் எண்பது வயதுத் தாத்தா ஒருவர் ‘அவன்’ என்று வாய் தவறிவிட்டு மறுநாள் தாமே திருத்திக்கொண்டார். அவரை யாராவது கண்டித்திருந்தால் நான் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். தவறுதல் வேறு, சொன்ன பிறகும் வேண்டுமென்றே தொடர்வது வேறு. முதலில் தனிச்செய்தியில் சொல்வது, மூன்று முறை சொல்லியும் தொடர்ந்தால் மட்டும் ஒரு மாதம் விலக்கி வைப்பது என்று திருத்தம் கொடுத்திருக்கிறேன். ‘அது’ என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று முறை கிடையாது. அதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

வாக்கெடுப்பு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, கோயில் மண்டபத்தில். பேச விரும்புகிறவர்கள் நேரில் வாருங்கள். அவளும் வருவாள்.