ஓய்வு கொடுக்கத் தெரியாதவர் ஹாக்கி மேலாளர் ஆக முடியாது

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்ம பையன்கள் சிலர் கணினியில் அணி நடத்தும் ஐஸ் ஹாக்கி மேலாளர் விளையாட்டில் இறங்கியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் அணியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 18 வயதுப் பையனும் 34 வயதுக்காரரும் ஒரே கடும் பயிற்சியில் கிடக்கிறார்கள்.

தம்பிகளா, நாம் ஆடும் விளையாட்டில் வயது ஏற ஏறப் பயிற்சியின் பலன் குறையும். ஆற்றல் மட்டும் அதே அளவு கரையும். அந்த மூத்த ஆட்டக்காரர் அரைப் புள்ளி ஏறுவதற்காகச் சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தள்ளாடி வருகிறார். களைத்தவரின் திறன் எண் என்னவாக இருந்தாலும் பனியில் அது பாதிதான் தெரியும். காயம் வேறு வரும், அப்புறம் பல வாரப் பயிற்சி போச்சு. அதனால் கையில் காசு இருந்தால் பயிற்சிக்கூடத்துக்கு முன்னால், களைத்தவர்கள் ஆற்றலைத் திரும்பப் பெறும் மீட்புக்கூடத்தைக் கட்டுங்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை. மீட்புக்கூடம் கட்டினால் எந்த எண்ணும் பச்சையாக ஏறாதே!

நிஜ ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் 60 நிமிடம். ஆனால் ஒரு வரிசை, அதாவது சேர்ந்து களமிறங்கும் ஆட்டக்காரர் குழு, ஒரு தடவைக்கு முக்கால் நிமிடம் போல ஓடிவிட்டு உட்கார்ந்துவிடும். வேகமாக ஓடும்போது தசையில் தீரும் பாஸ்போகிரியாட்டின் என்ற உடனடி ஆற்றல் சேமிப்பு அரை நிமிடத்தில் பாதி திரும்பும், முழுதாகத் திரும்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். நான்கு வரிசை வைத்துச் சுழற்றுவது இதற்காகத்தான். நம்ம ஆட்கள் நான்காவது வரிசையைப் பெயருக்கு நிரப்பி வைத்திருக்கிறார்கள். பலவீனமான அணி எதிரே வந்தால் அவர்களை ஆட விடுங்களேன்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. களைப்பு முழுவதையும் ஒரே எண்ணில் அடக்கிவிட்டார்கள். கோல்கீப்பரின் களைப்பும் முன்கள ஆட்டக்காரரின் களைப்பும் ஒன்றா? தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் கரைந்தால், அது திரும்ப நல்ல சாப்பாட்டோடு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தூக்கக் கணக்கு தனி.

இன்னொன்று, அந்தக் கணினி விளையாட்டில் ஓய்வைக் காசு கொடுத்து வாங்கலாம். நிஜத்தில் அப்படியில்லை. புல்தரை ஹாக்கியில் நம்ம தென்னாப்பிரிக்க ஆண்கள் அணி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 4-3 என்று வென்றது. டோக்கியோ போவதற்கே ஆட்டக்காரர்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. பலருக்குப் பகலில் வேலையோ படிப்போ உண்டு, மீதி நேரத்தில்தான் பயிற்சி. 'இன்று எட்டு மணிநேரம் வேலை பார்த்தார்' என்று ஆற்றலைக் குறைக்கும் ஒரு கட்டத்தை எந்த மேலாளர் விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. முதலில் அதை வையுங்கள், முகமூடி நிறம் மாற்றும் வசதியெல்லாம் பிறகு பார்க்கலாம்.