அசல் சென்னைவாசிக்கு ஒரு பொன்னாடை

(இராயபுரத்தில் ஒரு தெருவின் குடியிருப்போர் நலச் சங்கம். ஆகஸ்டு 22, சென்னை நாள் விழாவில் "அசல் சென்னைவாசி" ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று சென்ற கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அந்த அசல் யார் என்பதற்கு விதிமுறை எழுத இன்றைய கூட்டம். வந்திருப்பவர்கள் இருவர்: செயலாளர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பொருளாளர், துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பேசுவதெல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் ஏற வேண்டியிருப்பதால், பிறகு திருத்தும் வேலையை மிச்சப்படுத்த, பேசும்போதே நல்ல தமிழில் பேசிவிட வேண்டும் என்பது செயலாளரின் நிபந்தனை. பொருளாளருக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் பேனா செயலாளரிடம் இருக்கிறது.)

பொருளாளர்: வாத்தியார் ஐயா, பொன்னாடையை வாங்கிவிட்டேன். விற்ற துணி திரும்பப் பெறப்பட மாட்டாது என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகையால் யாராவது ஒருவர் அசலாக இருந்தே தீர வேண்டும்.

செயலாளர்: பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் வைத்த கதையாக இருக்கிறது.

பொருளாளர்: பிறப்பு என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அதையே முதல் விதியாக எழுதுங்கள்: "விருது பெறுபவர் சென்னையில் பிறந்தவராக இருத்தல் வேண்டும்." நான் இதோ பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தவன் என்பது தற்செயலானது. அதை யாரும் கருத்தில் கொள்ள வேண்டியதில்லை.

செயலாளர்: (பேனாவை மூடியபடி) இந்த விதி தமிழ்ப் பண்பாட்டுக்கே விரோதமானது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். என் தாயார் வளைகாப்பு முடிந்த கையோடு அரக்கோணத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். நான் அங்கே பிறந்து, மூன்றாம் மாதம் தொட்டிலோடு இராயபுரம் வந்து சேர்ந்தேன். அதற்கு முன்பு நான் எங்கே இருந்தேன் என்பதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. இந்த விதியின்படி பார்த்தால், வெளியூர்ப் பெண்ணை மணந்த ஒவ்வொரு சென்னைக்காரனின் மூத்த பிள்ளையும் அந்நியன் ஆகிறான்.

பொருளாளர்: அப்படியானால் இரண்டாவது பிள்ளை முதல் செல்லும் என்று எழுதிவிடுவோம். உங்கள் தம்பி இங்கேதானே பிறந்தார்?

செயலாளர்: இங்கேதான் பிறந்தான். படிப்பு முடிந்ததும் டொரண்டோவுக்குப் போனவன் அங்கேயே குடியுரிமையும் வாங்கிக்கொண்டு, ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் வந்து, ஊரைக் கெடுத்துவிட்டீர்களே என்று என்னைக் கண்டிக்கிறான். அவனுக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு இந்தக் கை எழாது. முதல் விதியை அடித்துவிட்டேன்.

பொருளாளர்: நல்லது. பிறப்பை விட்டுவிட்டுத் தலைமுறைக்கு வருவோம். மூன்று தலைமுறையாக இடைவிடாமல் சென்னையில் வாழ்ந்த குடும்பம் என்று வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. என் கொள்ளுத் தாத்தா தாது வருடப் பஞ்சத்தில் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து நடந்தே வந்து, பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயை வெட்டியவர். அந்தப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. இதுவும் தற்செயலானதுதான்.

செயலாளர்: உங்கள் குடும்பத்தில் தற்செயல் சற்று அதிகம். "இடைவிடாமல்" என்ற சொல்லை நீங்களாகத்தான் போட்டீர்கள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நகரமே காலியானபோது உங்கள் தாத்தா எங்கே இருந்தார்?

பொருளாளர்: (சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு) திண்டிவனத்தில் இருந்தார். ஆனால் அவர் மட்டுமா போனார்? அரசு அலுவலகங்களையே வெளியூருக்கு மாற்றினார்கள். அரசாங்கமே ஓடியபோது என் தாத்தா மட்டும் கடற்கரையில் நின்று ஜப்பானியரை வரவேற்க வேண்டுமா?

செயலாளர்: ஓடியது குற்றம் என்று நான் சொல்லவில்லை. இடைவிட்டது என்றுதான் சொல்கிறேன். அன்று நகரத்தை விட்டுப் போகாமல் கடைசிவரை இருந்தவை மிருகக்காட்சிசாலையின் சிங்கமும் புலியும்தான். கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்று பயந்து அவற்றையும் சுட்டுவிட்டார்கள்.

பொருளாளர்: ஆக, இரண்டாவது விதியின்படி தகுதி பெற்றவர்கள் எவரும் உயிருடன் இல்லை. அடித்துவிடுங்கள்.

(செயலாளர் அடிக்கிறார். விதி எழுதும் வேகத்தைவிட அடிக்கும் வேகம் அவருக்கு எப்போதுமே அதிகம். நாற்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய கை அது.)

செயலாளர்: நாம் தொடங்கியதே தவறான இடத்தில் என்று தோன்றுகிறது. எந்தச் சென்னை என்று முதலில் வரையறுக்க வேண்டும். 2011 வரை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். அந்த ஆண்டு பக்கத்து ஊர்களைச் சேர்த்து 426 ஆக்கினார்கள். என் மாப்பிள்ளை சோழிங்கநல்லூரில் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரராகப் படுத்து, மாநகராட்சிக்காரராக எழுந்தார். இடையில் அவர் செய்தது குறட்டை விட்டது ஒன்றுதான்.

பொருளாளர்: அது பரவாயில்லை. திருவொற்றியூரில் என் சம்பந்தி வீடு இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாரை மணந்துகொண்ட ஊர் அது. ஆங்கிலேயர் ஜார்ஜ் கோட்டை கட்டுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே தேவாரம் பெற்ற தலம். 2011 வரை அது தனி நகராட்சியாக இருந்தபடியால், உங்கள் கணக்கின்படி சுந்தரருக்குக்கூட மாநகராட்சிப் பகுதியில் வாழ்ந்த சான்றிதழ் கிடைக்காது.

செயலாளர்: கோட்டைக்கு முந்தியவர்கள் என்று இறங்கினால் மயிலாப்பூர்க்காரர்கள் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இராயபுரத்துச் சங்கத்தின் காசில் வாங்கிய பொன்னாடை அடையாற்றுப் பக்கம் போவதை நான் உயிரோடு இருக்கும்வரை அனுமதிக்க மாட்டேன். 1639 ஆகஸ்டு 22-ஐ விழா நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

பொருளாளர்: அன்று நடந்தது என்ன? இந்தக் கடலோர நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர், வந்தவாசிப் பக்கத்து ஆட்சியாளர். வாங்கியவர் பிரான்சிஸ் டே, ஆர்மகான் பண்டகசாலையிலிருந்து இடம் பார்க்க வந்த ஆங்கிலேயர். கொடுத்தவரும் வெளியூர், வாங்கியவரும் வெளியூர். நாம் கொண்டாடுகிற நாளிலேயே ஒரு சென்னைக்காரரைக் காணோம்.

செயலாளர்: கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் இருந்தார்களே!

பொருளாளர்: இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

(வெளியே "சங்கரா, நெத்திலி, காணாங்கெளுத்தி" என்று ஒரு குரல். இந்தத் தெருவின் மீன்கார அம்மா. கூட்டத்தின் போக்கு இந்த இடத்தில் மாறியிருக்கக்கூடும். ஆனால் செயலாளருக்கு இன்னும் இரண்டு விதிகள் கைவசம் இருந்தன.)

செயலாளர்: மண்ணின் மைந்தர் என்கிறார்களே, அதை விதியாக்கலாமா?

பொருளாளர்: எந்த மண்? மெரினாவில் நாம் உட்கார்ந்து சுண்டல் தின்கிற மணலே தெற்கிலிருந்து வந்தது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே துறைமுகச் சுவர் எழுந்ததும் வந்த மணலெல்லாம் அதற்குத் தெற்கே தங்கி மெரினாவாக அகன்றது. வடக்கே மணல் வராததால் நம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. இராயபுரத்துக்கு வர வேண்டிய மணலில்தான் திருவல்லிக்கேணிக்காரர்கள் காற்று வாங்குகிறார்கள்.

செயலாளர்: இதை இவ்வளவு தெளிவாக விளக்குகிற நீங்கள் அந்தத் துறைமுகத்தில்தானே சம்பளம் வாங்கினீர்கள்? என் பாட்டி கோலம் போட்ட வாசல் இன்று அலைகளுக்குக் கீழே இருப்பதற்கு யார் பொறுப்பு?

பொருளாளர்: வாத்தியார் ஐயா, அந்தச் சுவரை 19ஆம் நூற்றாண்டிலேயே கட்டி முடித்துவிட்டார்கள். நான் 1975-இல்தான் எழுத்தராகச் சேர்ந்தேன். அதற்குள் அரிக்க வேண்டியதையெல்லாம் கடல் அரித்துவிட்டுக் கல் கொட்டுவதற்காகக் காத்திருந்தது. மண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால், மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது உங்கள் மாடியில் குடியிருந்தாரே ஒடிசா இளைஞர், அவரைக் கேளுங்கள். வண்ணாரப்பேட்டைக்குக் கீழே எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களிமண் என்று அவர் சொல்வார். இந்த ஊர் மண்ணை அவரளவுக்கு உள்ளே இறங்கிப் பார்த்தவர் நம் இருவர் பரம்பரையிலும் இல்லை.

செயலாளர்: அவருக்கு இட்லியைவிட நம் தெருமுனை அத்தோ நூடுல்ஸ்தான் பிடித்திருந்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பண்டத்தை ஒடிசாக்காரர் தின்றுவிட்டு, "சென்னைச் சாப்பாடு அருமை" என்று பாராட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒரு தட்டு அப்போது தின்றுகொண்டிருந்தேன்.

பொருளாளர்: மண்ணை அடித்தாயிற்றா?

செயலாளர்: அடித்தாயிற்று. தண்ணீரை வைத்துப் பார்ப்போம். "இந்த ஊர்த் தண்ணீர் உடம்பில் ஓடுபவர்" என்று எழுதினால் கவிதையாகவும் இருக்கும்.

பொருளாளர்: கவிதையாக இருக்கும், கணக்கில் உதைக்கும். பூண்டி ஏரிக்குக் கண்டலேற்றிலிருந்து வருவது கிருஷ்ணா நீர். வீராணத்திலிருந்து குழாயில் வருவது காவிரியின் நீர். அதற்குச் சொந்த ஊர் குடகு. நெம்மேலியிலிருந்து வருவது உப்பெடுத்த கடல்நீர். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நீங்களும் நானும் பாதி ஜோலார்பேட்டைக்காரர்களாக இருந்திருக்கிறோம்.

செயலாளர்: நான் அப்போது லாரித் தண்ணீர் குடித்தேன்.

பொருளாளர்: லாரி எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வந்தது என்று கேட்டீர்களா?

செயலாளர்: குடத்தை நிரப்புவதா, விசாரணை நடத்துவதா? (அடிக்கிறார்.) இனிமேல் ஒன்றுதான் மிச்சம். குலதெய்வம்! மனிதன் வாடகைக்கு வீடு மாற்றலாம். குலதெய்வத்தை மாற்ற முடியாது. குலதெய்வக் கோயில் சென்னை எல்லைக்குள் இருப்பவரே அசல் சென்னைவாசி.

(நீண்ட அமைதி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்க்கின்றனர்.)

பொருளாளர்: இந்த விதியில் நமக்கு... அதாவது சங்க உறுப்பினர்களுக்கு, எவருக்கேனும் பாதகம் உண்டா?

செயலாளர்: சங்க நலன்தான் முக்கியம், தனி மனிதர் அல்ல. தவிர, கரையில் அம்மன் வைத்துக் கும்பிடுகிறவர்கள் என்றால் குப்பத்து மக்கள்தான். வெளியே நிற்கிற மீன்கார அம்மா காசிமேட்டுக்காரர். பிறந்ததும் குப்பத்து வீட்டில், மருத்துவமனையில்கூட அல்ல. 1942-இல் அவர்கள் எங்கும் போகவில்லை. கட்டுமரத்தை எந்த ஊர் ஏரியில் கொண்டுபோய்க் கட்டுவார்கள்? நாம் அடித்த விதிகளை எல்லாம் திரும்ப எழுதினாலும் அவர் தேறிவிடுவார். போய்க் கேட்டு வாருங்கள். முகவரிச் சான்றுக்கு நகல் ஒன்றும் வாங்கி வாருங்கள்.

(பொருளாளர் வெளியே போகிறார். சன்னல் வழியாகப் பார்த்தால், அலுமினியக் கூடையின் மேல் மூடியிருந்த ஈரச் சாக்கை அந்த அம்மா விலக்குவதும், கட்டைவிரலால் ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கி உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டுவதும், பொருளாளர் விதிமுறைகளை விளக்குவதும், அவர் கேட்டுக்கொண்டே அடுத்த மீனின் செவுளைத் தூக்குவதும் தெரிகின்றன. கால் மணி நேரம் கழித்துப் பொருளாளர் ஒரு பையுடன் திரும்புகிறார்.)

செயலாளர்: என்ன சொன்னார்?

பொருளாளர்: முதலில் சொன்ன சொல்லைக் குறிப்பேட்டில் ஏற்ற இயலாது. மற்றதைக் குறிப்பேட்டு நடையிலேயே கூறுகிறேன். சங்கத்தின் நல்லெண்ணத்துக்கு அவர் நன்றி தெரிவித்துக்கொள்கிறார். தம் தாத்தாவின் வீடு கடலுக்குள் ஏறத்தாழ கல் கொட்டிய இடத்துக்கு அப்பால் இருப்பதாகவும், அங்கே கதவு எண் இருந்தால் நாமே நீந்திப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தெரிவிக்கிறார். காலையில் ஏலம் இருப்பதால் விழாவைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் வைத்தால் வர முயல்வார். பொன்னாடையால் தமக்கு ஒரு பயனும் இல்லை. ஐஸ் பெட்டியாகக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்.

செயலாளர்: ஐஸ் பெட்டியை எப்படி ஐயா தோளில் போர்த்துவது?

பொருளாளர்: அதையும் கேட்டேன். அதற்கு அவர் கூறிய பதிலும் ஏற்ற இயலாத வகையைச் சேர்ந்தது.

செயலாளர்: பையில் என்ன?

பொருளாளர்: அரைக் கிலோ சங்கரா. விருதாளரைச் சந்தித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது மரபல்ல. சங்கக் கணக்கில் சிற்றுண்டிச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

செயலாளர்: எழுத மாட்டேன். தீர்மானத்தை மட்டும் எழுதுகிறேன்: "ஐஸ் பெட்டி வாங்கித் தருவதென்றும், பொன்னாடையைச் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்துவதென்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." விழாவன்று மேடைப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

பொருளாளர்: நீங்கள்?

செயலாளர்: (குறிப்பேட்டை மூடியபடி, குரலைத் தாழ்த்தி) மேல்மலையனூர் போகிறேன். அங்காளம்மன் எங்கள் குலதெய்வம். அன்று பேத்திக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். நாள் குறித்தது மாப்பிள்ளை வீட்டார். நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. சென்னைப் பேருந்து நிலையம் என்று சொல்லி அதைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். இராயபுரத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதே பாதி யாத்திரை.

பொருளாளர்: ஆறு மணி வண்டி திண்டிவனத்தில் நிற்குமல்லவா?

செயலாளர்: நிற்கும். எதற்குக் கேட்கிறீர்கள்?

பொருளாளர்: ஏரிக்கரையில் எங்கள் ஐயனாருக்கு அன்றுதான் பொங்கல். எனக்கும் ஓர் இடம் போட்டு வையுங்கள். சன்னல் ஓரமாகப் பாருங்கள்.