முறுமுறுத்தவங்க கையிலயே பொறுப்பக் குடுங்க

ஒரு சபை ரெண்டா உடைஞ்சத உள்ள இருந்து பாத்தவன் நான், அதான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும் பொறுத்துக்கோங்க.

சபைல சண்டைன்னு வந்தா மைக்ல முதல்ல வர்றது "ஒருமனம்". அடுத்த வாரம் மோசேக்கு எதிரா கலகம் பண்ணி அழிஞ்ச கோராகு பத்தி பிரசங்கம். அதுக்கும் அடங்கலன்னா "அபிஷேகம் பண்ணப்பட்டவரத் தொடாதே", அதாவது பாஸ்டரக் கேள்வி கேக்காதே. கணக்கு கேட்டவன் மூணே வாரத்துல கலகக்காரன் ஆயிடுவான். தன்னக் கொல்லத் தேடுன, அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா சவுல் மேல தாவீது கை போடலதான், ஆனா ஒளிஞ்சிருந்த கெபிய (குகைய) விட்டு வெளிய வந்து, வெட்டின சால்வைத் துண்டக் காட்டி, நான் என்ன பொல்லாப்பு செஞ்சேன்னு நேருக்கு நேரா நியாயம் கேட்டான் (1 சாமுவேல் 24), அந்தப் பாதிய மட்டும் யாரும் பிரசங்கம் பண்றதில்ல.

எனக்குத் தெரிஞ்சு இதுக்கு நல்ல பாடம் பைபிள்ல ஆதி சபையப் பத்திச் சொல்ற அப்போஸ்தலர் 6. உபதேசச் சண்டை இல்ல அது, பந்தி விசாரிப்பு, அதாவது சாப்பாடு பங்கிடுறது. எங்க விதவைங்கள கவனிக்கல, உங்காளுங்களுக்கு மட்டும் நடக்குதுன்னு கிரேக்க பாஷை பேசுற விசுவாசிங்க எபிரெயக்காரங்க மேல முறுமுறுக்குறாங்க, அதுல பாஷை இருக்கு, பாரபட்சம் இருக்கு, பசி இருக்கு, ஒரு சபை உடைய இது போதும். அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் என்ன பண்ணாங்க? முறுமுறுக்காதீங்க, ஜெபம் பண்ணுங்கன்னு வாய அடைக்கல. மொத்த சபையையும் கூப்ட்டாங்க, நீங்களே ஏழு பேர தெரிஞ்செடுங்க, அவங்க கையில இந்த வேலைய குடுக்குறோம்னாங்க. இப்ப அந்த ஏழு பேரப் பாருங்க: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பேரு! பேர மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுதான், பன்னிரண்டு பேர்லயே அந்திரேயா கிரேக்கப் பேரு, ஆனா ஏழுக்கு ஏழுன்னா புகார் சொன்ன பக்கத்து ஆளுங்க கையிலதான் பொறுப்பு போயிருக்குன்னு நான் நம்புறேன். நம்ம கமிட்டி இத செய்யுமா? புகார் குடுத்தவர அடுத்த எலக்‌ஷன்ல நிக்கவே விட மாட்டாங்க.

மத்தேயு 18ஐயும் சொல்லணும். உனக்குத் தப்பு செஞ்சவன்கிட்ட மொதல்ல தனியாப் பேசு, அப்புறம் ஒண்ணு ரெண்டு பேரோட போ, அப்புறம் சபைக்குச் சொல்லு. மனஸ்தாபத்துக்கு இதவிட நல்ல வழி இல்ல. ஆனா ஒரு குழந்தைகிட்ட தப்பா நடந்தவன், காணிக்கையச் சுருட்டினவன், இவங்க விஷயத்துல "தனியாப் போய் பேசுங்க"ன்னு சொல்றது மூடி மறைக்குற வேலை. அங்க போலீஸ், ஆடிட்டர்தான். விசுவாசி கோர்ட்டுக்குப் போலாமான்னு 1 கொரிந்தியர் 6ஐ தூக்கிட்டு வருவாங்க, பவுல் அங்க பேசுறது அற்ப வழக்குகளப் பத்தி, அவரே தன் கேஸ்ல இராயனுக்கு அபயமிட்டவரு, அதாவது ரோமச் சக்கரவர்த்திகிட்ட அப்பீல் பண்ணவரு. மூப்பர் (சபைத் தலைவர்) மேல பிராதுன்னா ரெண்டு மூணு சாட்சி வேணும், சரி, ஆனா அடுத்த வசனத்துலயே பாவம் செஞ்சவங்கள எல்லார் முன்னாடியும் கடிஞ்சுக்கோன்னு இருக்கே (1 தீமோத்தேயு 5).

எல்லாம் பண்ணியும் பிரிஞ்சா? பிரியுறதே பாவம்னு நான் சொல்ல மாட்டேன். பவுலும் அவரோட கூட ஊழியம் செஞ்ச பர்னபாவும், மாற்குவ கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் போனாங்க, ஆனா ரெண்டு பேரும் ஊழியத்த விடல, கடைசில அதே மாற்குவ கூட்டிட்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன்னு பவுலே எழுதுறாரு. எங்க சபைல பிரிஞ்ச ரெண்டு குரூப்பும் ஒருத்தர் வீட்டு சாவுக்கு ஒருத்தர் போறதில்ல.

இதுல எனக்கும் பங்கு இருக்கு. அடுத்தவங்க மேல இருக்குற புகார "ஜெபக்குறிப்பா மட்டும் வச்சுக்கோங்க பிரதர், வெளிய சொல்லாதீங்க"ன்னு என்கிட்ட வந்தவங்க எத்தனையோ பேரு, நானும் ஜெபக்குறிப்பாவே நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிருக்கேன். இத சம்பந்தப்பட்டவர்கிட்டயே கேட்டீங்களான்னு ஒருத்தர்கிட்ட கூட நான் கேக்கல.